கோலாலம்பூரில் இறங்கிவிட்டோம், மனைவியின் பெட்டி வரவில்லை. பினாங்கு பயணத்தைத் தள்ளிப்போட வேண்டுமா?

மதுரை மாப்பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி மறுவீட்டு விருந்துகூட இன்னும் முழுதாக முடியவில்லை. கோலாலம்பூர், பினாங்கு, அங்கிருந்து தாய்லாந்து, வியட்நாம் என்று நீளமாகத் தேனிலவுப் பயணம் போட்டிருக்கிறோம். இருவருக்குமே வெளிநாடு இதுதான் முதல் தடவை. மதுரையில் ஏறி, வழியில் விமானம் மாறி, இன்று காலை கோலாலம்பூர் வந்தோம். என் பெட்டி வந்துவிட்டது. அவளுடையது வரவில்லை. கூட வந்தவர்கள் எல்லாம் போய், பெல்ட்டும் நின்ற பிறகுதான் கவுண்டருக்குப் போனோம்.

அங்கே பெட்டிப் படங்கள் போட்ட ஓர் அட்டையை நீட்டி, எந்த மாதிரி, என்ன நிறம் என்று கேட்டார்கள். அரக்கு நிறம், பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரம், கைப்பிடியில் மாமியார் கட்டிவிட்ட மஞ்சள் துணி. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு ஒரு தாள் கொடுத்தார்கள். "வந்ததும் கூப்பிடுகிறோம்" என்பதோடு சரி.

ஹோட்டல் பிரிக்ஃபீல்ட்ஸில், கே.எல். சென்ட்ரல் பக்கத்தில். வியாழக்கிழமை காலை, பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு ரயில். பெட்டி வரும்வரை இங்கேயே இருப்பதா, கிளம்புவதா? மாற்றுத்துணி வாங்கினால் அந்தப் பணத்தைக் கேட்கலாமா? அவளுடைய தைராய்டு மாத்திரை கைப்பையில் கொஞ்சம்தான் இருக்கிறது, மீதி பெட்டிக்குள். முகூர்த்தப் புடவையும் அதில்தான். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விமானநிலைய அண்ணன்:
தம்பி, நான் பெட்டி தேடும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். முதலில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். மேலே ஐந்து எழுத்தும் ஐந்து இலக்கமும் சேர்ந்த ஓர் எண் இருக்கிறதா? கோலாலம்பூரில் பதிந்தது என்றால் கே.யூ.எல். என்று தொடங்கும். அதுதான் பி.ஐ.ஆர். எண், அதாவது பெட்டி வரவில்லை என்று பதிந்த அறிக்கையின் எண். அது இருந்தால் உங்கள் பெட்டி தேடலில் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். இல்லாவிட்டால் இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். போர்டிங் பாஸில் ஒட்டிய பத்து இலக்க டேக் சீட்டையும் தாளையும் படம் எடுத்துக்கொண்டு, அசலைக் கையோடு வைத்திருங்கள். யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.

விமானம் மாறும் இடத்தில் நேரம் நெருக்கடியாக இருந்தால் ஆள் ஓடிவந்து ஏறிவிடுவார், பெட்டி ஏறாது. பெரும்பாலும் அது அடுத்த விமானத்தில் வந்துவிடும். டேக் கிழிந்த பெட்டியைத்தான் தேட வேண்டியிருக்கும். அதனால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். "துணிமணி" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் உதவாது. எல்லார் பெட்டியிலும் துணிதான். புடவையின் நிறம், கரை, பெயர் எழுதிய பொடி டப்பா என்று வேறு பெட்டியில் இருக்க முடியாத இரண்டு மூன்று பொருளைச் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.

பயணத்தை நிறுத்த வேண்டாம். பெட்டியை நீங்கள் போகும் ஊருக்கு அனுப்பச் சொல்லலாம். எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த ஹோட்டல் என்று முழுப் பட்டியலையும் அந்த எண்ணைப் போட்டு எழுத்தில் கொடுங்கள். தாய்லாந்து கிளம்பும் தேதியைக் கட்டாயம் எழுதுங்கள். அது தெரியாமல் விட்டால் பெட்டி உங்கள் பின்னாலேயே ஊர் ஊராகச் சுற்றும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:
முதலில் அந்தப் பிள்ளையைச் சாப்பிட வையுங்கள். ஹோட்டலை விட்டு இறங்கினால் ஜாலான் துன் சம்பந்தன். வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும், தமிழிலேயே கேட்கலாம்.

அப்புறம் துணி. அவசரத்துக்கு அங்கேயே பஞ்சாபி சூட் கிடைக்கும். நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. என்ற நகர ரயிலில் ஏறுங்கள், பசார் செனி தாண்டி மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்குங்கள். நடக்கிற தூரத்தில் மஸ்ஜித் இந்தியா தெரு. புடவை, உள்ளாடை, செருப்பு எல்லாமே அங்கே வாங்கிவிடலாம். பில் மட்டும் கேட்டு வாங்குங்கள். சின்னக் கடையில் கேட்காவிட்டால் தரமாட்டார்கள்.

மாத்திரைக்குப் பக்கத்து கிளினிக்குக்குப் போங்கள். இங்கே தனியார் கிளினிக்கில் டாக்டரைப் பார்த்த கையோடு மருந்தும் அங்கேயே கொடுத்துவிடுவார்கள். பழைய மாத்திரை அட்டையைக் காட்டினால் அளவு தெரிந்துவிடும். கையில் இருப்பது தீரும்வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போங்கள். செலவுச் சீட்டையும் வாங்கி வையுங்கள்.

சார்ஜரும் பெட்டிக்குள்தானா? நம் ஊர் உருண்டை முள் பிளக் இங்கே சேராது. இங்கே சதுர முள் மூன்று உள்ள பிளக். அடாப்டர் சில வெள்ளிதான் (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்). விமான நிறுவனம் கூப்பிடும்போது போனில் உயிர் இருக்க வேண்டுமே.

மதுரை மாப்பிள்ளை:
அக்கா, அண்ணன், ரொம்ப நன்றி. எண் இருக்கிறது, கே.யூ.எல். என்றுதான் தொடங்குகிறது. ஊர்ப் பட்டியலை மெயிலில் அனுப்பிவிட்டேன். சாப்பிடக் கிளம்புகிறோம். அவளே இங்கே ஒன்று கேட்க வேண்டுமாம்.

(அவர் மனைவி எழுதுகிறேன்.) பெட்டிக்கு எண் பூட்டுப் போட்டிருக்கிறேன். நாங்கள் இல்லாமல் சுங்கத்தில் திறக்கச் சொன்னால் என்ன செய்வது? நகை எதுவும் அதில் இல்லை, புடவையும் பொடி வகைகளும்தான்.

விமானநிலைய அண்ணன்:
நகை இல்லை என்றது நல்ல செய்தி தங்கச்சி. நகை, பணம் போன்றவற்றைப் பெட்டியில் வைத்தால் பொறுப்பில்லை என்றுதான் பல நிறுவனங்கள் டிக்கெட் விதியிலேயே எழுதியிருக்கும். பூட்டு எண்ணை அவர்கள் கேட்டால் மட்டும், அந்த மெயில் வழியாகவே கொடுங்கள். கூடவே பாஸ்போர்ட் நகலும் ஒப்புதல் கடிதமும் கேட்கலாம். தெரியாத எண்ணிலிருந்து போன் செய்து கேட்டால் சொல்ல வேண்டாம். பொடி டப்பாக்களில் என்ன பொடி என்று பட்டியலில் உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

ஜார்ஜ் டவுன் நண்பர்:
பினாங்கில் இருப்பவன் சொல்கிறேன், வியாழக்கிழமை ரயிலை விடாதீர்கள். பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகில் கடலைத் தாண்டினால் ஜார்ஜ் டவுன். பினாங்கு விமானநிலையம் பாயான் லெப்பாசில், தீவிலேயே இருக்கிறது. பெட்டியை நேராக அங்கே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இங்கேயும் லெபோ பசார் பக்கம் துணிக்கடைகள் உண்டு, அதனால் கோலாலம்பூரிலேயே எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். 1833-இல் எழுந்த குயின் தெரு மாரியம்மன் கோயிலும் அங்கேதான். முகூர்த்தப் புடவை வரட்டும், அதைக் கட்டிக்கொண்டே போய்க் கும்பிடலாம்.

மதுரை மாப்பிள்ளை:
இப்போதுதான் போன் வந்தது. விமானம் மாறிய ஊரிலேயே பெட்டி நின்றுவிட்டதாம், டேக் கிழியவில்லை. புதன்கிழமை கோலாலம்பூர் வருமாம். ஹோட்டலுக்குக் கொண்டுவரத் தாமதமானால் பினாங்குக்கே அனுப்ப ஒத்துக்கொண்டார்கள், அதை மெயிலிலும் எழுதி வாங்கிவிட்டேன். அவளுக்கு நாவல்பழ நிறத்தில் ஒரு சூட் எடுத்தோம், இரண்டு தோசையும் சாப்பிட்டாள். பெட்டி கைக்கு வந்தபிறகும் செலவைக் கேட்கலாமா?

காப்பீட்டுக்காரர், சென்னை:
கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இந்தியா, மலேசியா இரண்டுமே, வெளிநாட்டு விமானப் பயணத்தில் நிறுவனத்தின் பொறுப்பை வரையறுக்கும் 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகள். பெட்டி தாமதமானதால் ஏற்பட்ட நியாயமான செலவுக்கு விமான நிறுவனம் பொறுப்பு. ஒரு பயணிக்கு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது சுமார் 2,000 அமெரிக்க டாலர். அது வரம்புதானே தவிர, கையில் தரும் தொகை அல்ல. மாற்றுத்துணி, பல் துலக்கும் சாமான், மருந்து என்றால் பேச்சே இல்லை. பட்டுப்புடவை பில்லை வைத்தால் வாதாடுவார்கள்.

கவுண்டரில் எழுதிய தாள் மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் தனியாக எழுத்தில் புகார் போக வேண்டும். பெட்டி உடைந்தோ கிழிந்தோ வந்தால் அதற்கு 7 நாள்தான். அதனால் கொண்டுவந்து கொடுப்பவர் முன்னிலையிலேயே சக்கரம், ஜிப், பூட்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் வியட்நாமில் இருக்கும்போதே கெடு முடிந்துவிடக்கூடும், எனவே புகாரைப் பினாங்கிலிருந்தே அனுப்பிவிடுங்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு பணம் என்று பாலிசியில் பாருங்கள். அவர்களும் இதே பி.ஐ.ஆர்., போர்டிங் பாஸ், பில்கள், பெட்டி வந்த நேரம் போட்ட சீட்டு ஆகியவற்றைத்தான் கேட்பார்கள்.