டிராஃப்டுக்கு 'முறைத்தெரிவு': என் பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைத் தொடரான என்.எஃப்.எல்.-இல் அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லூரி வீரர்களை எடுக்கும் டிராஃப்டுக்கு (draft) தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன: 'வரைவு', 'வீரர் ஏலம்', 'ஆட்சேர்ப்பு'. வரைவைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். அது சட்டத்துக்கும் கடிதத்துக்கும் உரிய சொல், ஆட்டக்களத்துக்கு ஒட்டாது. மற்ற இரண்டையும் விரும்பி முன்வைத்தவர்கள் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என் பரிந்துரை 'முறைத்தெரிவு'.

'ஏலம்' ஐ.பி.எல். பார்த்துப் பழகிய நம் வாயில் தானாக வருகிறது. ஆனால் டிராஃப்ட் பிறந்ததே ஏலப் போட்டியை ஒழிக்கத்தான். 1930-களின் தொடக்கத்தில் கல்லூரி முடித்த நல்ல ஆட்டக்காரர் எந்த அணியோடு வேண்டுமானாலும் பேரம் பேசலாம். பணமுள்ள அணிகள் அள்ளிக்கொண்டு போயின. பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல்லின் அணியோ அடிமட்டத்தில் கிடந்தது. 1935-ல் அவர் மற்ற உரிமையாளர்களிடம் ஒரு யோசனை சொன்னார்: போன பருவத்தில் கடைசியாக வந்த அணி முதலில் எடுக்கட்டும், வென்ற அணி கடைசியில் எடுக்கட்டும். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். 1936 பிப்ரவரியில் பிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் 9 அணிகள் 9 சுற்றுகளில் 81 பேரை எடுத்தன. எவரும் விலை கூறவில்லை. இன்றும் கூறுவதில்லை. வீரர் சங்கத்தோடு போட்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு புது வீரருடைய சம்பளம் பெரும்பாலும் அவர் எத்தனையாவதாக எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. இதை ஏலம் என்று எழுதினால் வாசகர் அப்படியே தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

'ஆட்சேர்ப்பு' வேறு வகையில் பிசகுகிறது. எடுக்கப்பட்டவர் உடனே சேர்ந்துவிடுவதில்லை. 1936-ல் முதலாவதாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர், சிகாகோ பல்கலைக்கழக வீரர், தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. 1986-ல் டாம்பா பே அணி முதலாவதாக எடுத்த போ ஜாக்சன் அந்த அணிக்குப் போக மறுத்து பேஸ்பால் ஆடப் போய்விட்டார். மறு ஆண்டு ரெய்டர்ஸ் அணி அவரை ஏழாவது சுற்றில் எடுத்தது. அணிக்குக் கிடைப்பது ஆள் அல்ல, அந்த ஆளோடு ஒப்பந்தம் பேசும் தனி உரிமை. மற்ற அணிகள் அவரை நெருங்க முடியாது. இது சாதாரண உரிமையும் அல்ல. 1968-ல் வாஷிங்டன் அணி எடுத்த ஜேம்ஸ் ஸ்மித், திறந்த சந்தையில் பேரம் பேச விடாமல் தடுத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். அன்றிருந்த டிராஃப்ட், வணிகப் போட்டியைக் காக்கும் சட்டத்துக்கு விரோதம் என்று 1978-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. வீரர் சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் போட்டுக்கொண்டதால்தான் டிராஃப்ட் இன்றும் நிலைக்கிறது. ஆகவே நாம் வைக்கும் சொல்லில் யார் யாரைத் தேர்கிறார் என்பது மங்கக் கூடாது. தேர்வது அணி. 22 வயது இளைஞர் எந்த ஊரில் வாழப்போகிறார் என்பதில் அவருக்குப் பேச்சில்லை.

இனி 'முறை'. இதற்கு நெறி, ஒழுங்கு என்ற பொருள்தானே முதலில் தோன்றும் என்று ஓர் ஐயா கேட்டிருந்தார். தோன்றும். ஆனால் தெருவில் ஆடும் பிள்ளை "இப்ப யார் முறை?" என்றுதான் கேட்கிறது. வாய்க்கால் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். ஒருவர் முறையில் இன்னொருவர் மடை திறக்க முடியாது, ஆனால் இருவரும் பேசி முறையை மாற்றிக்கொள்ளலாம். டிராஃப்டில் நடப்பது எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்குகிறது. 2017-ல் கான்சஸ் சிட்டி அணிக்கு 27-ஆவது முறைதான் இருந்தது. அதையும் வேறு சில முறைகளையும் பஃபலோ அணிக்குக் கொடுத்து 10-ஆவது முறையை வாங்கி பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. மேற்படி வாக்கியத்தில் 'முறை' எங்கும் இடறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னும் கடினமான சோதனை 2003-ல் நடந்தது. மினசோட்டா வைக்கிங்ஸுக்கு 7-ஆவது முறை. அப்போது முதல் சுற்றில் பெயர் கொடுக்க அணிக்கு 15 நிமிடம். வைக்கிங்ஸ் பால்டிமோர் அணியோடு முறை மாற்றப் பேசிக்கொண்டிருந்தது; பேச்சு உறுதியாகிப் பதிவாவதற்குள் கடிகாரம் ஓடி முடிந்துவிட்டது. நேரம் முடிந்தால் முறை பறிபோவதில்லை, எப்போது வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். ஆனால் பின்னால் நிற்பவரும் முந்திக்கொள்ளலாம். ஜாக்சன்வில் ஓடி வந்து பைரன் லெஃப்ட்விச் பெயரைக் கொடுத்தது, கரோலைனா ஜோர்டன் கிரோஸைக் கொடுத்தது. மூன்றாவதாகத்தான் வைக்கிங்ஸின் சீட்டு மேடைக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் இருந்த பெயர் கெவின் வில்லியம்ஸ். பின்னாளில் தன் இடத்தில் ஆடியவர்களில் மிகச் சிறந்தவர்களுள் ஒருவராக வளர்ந்தார். "வைக்கிங்ஸ் முறை தவறியது" என்று இதைத் தமிழில் சொன்னால் நடந்தது அப்படியே வந்துவிடுகிறது. 'வாய்ப்பு' என்று போட்டால் வராது. வாய்ப்பு போனால் போனதுதான்.

'தெரிவு' ஈழத்து வழக்கில் அன்றாடச் சொல். தமிழ்நாட்டில் 'தேர்வு' என்றால் பரீட்சை நினைவு வருவதால் இங்கும் தெரிவே வசதி. தனித்தனியாக எடுப்பதையும் அதே சொல்லால் எண்ணலாம்: டாம் பிரேடி 2000-ல் 199-ஆவது தெரிவு, பிராக் பர்டி 2022-ல் 262-ஆவது, அதாவது அந்த ஆண்டின் கடைசித் தெரிவு. அந்தக் கடைசி ஆள் இரண்டே ஆண்டில் சூப்பர் பவுல் என்னும் இறுதி ஆட்டத்தில் அணியை நடத்தினார். ஏழு சுற்றிலும் எடுக்கப்படாமல் பிறகு தாமாக ஒப்பந்தம் தேடுபவரைத் 'தெரிவாகாதவர்' எனலாம். கர்ட் வார்னர் அப்படி வந்தவர்தான்.

பிள்ளைகள் விளையாட அணி பிரிக்கும் 'உத்தி பிரித்தல்' பற்றியும் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் உத்தியில் இரண்டு பிள்ளைகள் கமுக்கமாகப் பெயர் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்; எந்தப் பெயருக்குப் பின்னால் எந்தப் பிள்ளை என்று தலைவனுக்குத் தெரியாது. என்.எஃப்.எல். அணிகளோ இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கும் சோதனை முகாமில் 40 கஜ ஓட்டத்தை நொடியின் நூற்றில் ஒரு பங்கு வரை அளந்து, மருத்துவச் சோதனை முடித்து, நேர்காணல் செய்த பிறகே எடுக்கின்றன. அறியாமல் எடுப்பதற்கு இங்கே இடமில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து டிராஃப்டில் முதல் சில முறைகளைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறார்கள். அந்தக் குலுக்கலுக்கு வேண்டுமானால் 'திருவுளச்சீட்டு' பொருந்தும்.

முறைத்தெரிவு நமக்குக் கிரிக்கெட்டிலும் உதவும். 2015 டிசம்பரில், சென்னை, ராஜஸ்தான் அணிகள் தடையில் இருந்தபோது, புனேயும் ராஜ்கோட்டும் அவற்றின் வீரர்களை முறை வைத்து எடுத்தன. முதல் தெரிவுக்கு 12.5 கோடி ரூபாய் என்று விலை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தது. தோனி புனேக்குப் போனார், ரெய்னா ராஜ்கோட்டுக்கு. 2008-ல் 19 வயதுக்குட்பட்டோரை எடுத்ததும் இதே வழியில்தான். டெல்லி பிரதீப் சங்வானை எடுத்ததால் கோலி பெங்களூருக்குக் கிடைத்தார். இவற்றை ஏலக் கணக்கில் சேர்த்து எழுதுவது தவறு.

உடன்வரும் சொற்களாக முறைவரிசை, தெரிவுரிமை, முறைமாற்று ஆகியவற்றை வைக்கிறேன். தன் வீரர்களைப் பிற அணிகளுக்கு இழந்த அணிக்கு ஈடாகத் தரும் கூடுதல் முறைக்கு 'ஈட்டுமுறை' என்று எழுதிப் பார்த்தேன். ஈட்டுதல் என்றால் சம்பாதித்தல் என்றும் படுவதால் மனம் ஒப்பவில்லை. 'ஈடுமுறை' மேலா? சட்டத் தமிழில் பழகியவர்கள் சொல்லுங்கள்.