பனிக்குறி உள்ள ரயரோடு மாரியைக் கடக்கலாமா?

கோண்டாவிலான்:
ஜப்பானிலிருந்து இறக்கிய சிறிய கார் ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். ரயரின் பக்கவாட்டில் மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன; பனியில் ஓடத் தகுந்த ரயர் என்பதன் குறி அது. உற்பத்தி எண் 3822, அதாவது 2022ஆம் ஆண்டின் 38ஆம் வாரம். தவாளிப்பு, அதாவது ரயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளம், இன்னும் 6 மில்லிமீற்றர் ஆழம் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் நான்கையும் மாற்றிவிடுமாறு ரயர்க் கடைக்காரர் சொல்கிறார். விற்பவர் சொல் என்பதால் தயங்குகிறேன்.

சுன்னாகத்தார்:
தயங்குவது நியாயமே. 1.6 மில்லிமீற்றர் வரை தேயும்வரை ஓடலாம் என்பது பல நாடுகளின் விதி. உங்களிடம் அதன் மூன்று மடங்குக்கும் மேல் மிச்சம் இருக்கிறது. மழைநீரை வெளியேற்றுவது தவாளிப்புத்தானே? மொட்டை ரயரோடு ஓடும் வாகனங்களுக்கு நடுவே, நல்ல ரயரைக் கழற்றி எறிவது பணத்தை வாய்க்காலில் விடுவதாகும்.

ஸ்காபரோவாசி:
ஐயா, தவாளிப்பு பாதிக் கதைதான். மீதி இறப்பரில் இருக்கிறது. ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயர் இறுகிப் பிடிப்பை இழப்பதால், அந்தக் குளிரிலும் இளகி நிற்கும் கலவையில் பனிக்கால ரயரைச் செய்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். நான் இருக்கும் ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆயினும் போடுகிறோம். ஒரு வருடம் சோம்பலால் ஆனி மாதம் வரை கழற்றாமல் விட்டேன். வளைவுகளில் நனைந்த பஞ்சின் மேல் நிற்பதுபோல் வண்டி நெளிந்தது. முன் ரயர்களின் ஓரங்கள் கண்முன்னே கரைந்தன. மார்கழியிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான யாழ்ப்பாணத்தில் அந்த இறப்பருக்கு என்ன வேலை?

சுன்னாகத்தார்:
உங்கள் நெடுஞ்சாலையில் 100இல் ஓடுகிறீர்கள்; பலாலி வீதியில் 40ஐத் தாண்டினால் மாடு குறுக்கே வரும். மேலும், ஜப்பானியப் பனி ரயரில் பாதித் தேய்வைக் காட்டும் மேடு ஒன்று இருக்கிறது. அதுவரை தேய்ந்தபின் பனிக்கு உதவாது, சாதாரண வீதியில் ஓடலாம் என்பது அவர்களே வைத்த ஏற்பாடு.

வல்லையூரான்:
ஓட அனுமதி உண்டு என்பதும் ஓட உகந்தது என்பதும் ஒன்றல்ல. பனிக்கட்டியில் பிடிப்பதற்காக, தவாளிப்புகளுக்கு இடையே உள்ள இறப்பர்க் கட்டைகளில் வெட்டப்பட்ட மெல்லிய கீறல்கள், சூடான ஈரத் தாரில் அழுத்திப் பிறேக் பிடிக்கும்போது கட்டைகளை நெளிய விடுகின்றன. வண்டி நிற்கும் தூரம் கூடுகிறது. உரும்பிராய்ப் பக்கம் முதல் மழைக்குச் செம்மண் கரைந்து வீதியில் வழிந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இரண்டு மீற்றரின் பெறுமதி தெரியும். அதற்காக, எல்லாப் பருவத்துக்கும் என்று எழுதியதைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கவும் தேவையில்லை. அது மிதமான பனியையும் கோடையையும் ஒன்றாகச் சமாளிப்பதற்கான சமரசம். நமக்கு வெயிலும் வெள்ளமும்தான், ஈரப்பிடிப்பு நல்ல சாதாரண ரயர் போதும். பணம் போதவில்லையென்று முன்னுக்கு இரண்டை மட்டும் மாற்றிப் பின்னுக்குப் பனி ரயரை விட்டால், ஈர வளைவில் வண்டியின் பின்புறம் வீசும். அது இப்போதிருப்பதைவிட மோசம்.

கோண்டாவிலான்:
இன்று கிளிநொச்சி போய் மதியம் திரும்பியதும் குனிந்து பார்த்தேன். ஒரு கட்டையைப் பெருவிரலால் தள்ள, கீறல்கள் புத்தகத்தின் தாள்கள்போல் விரிந்தன. ஓரக் கட்டைகளின் விளிம்பில் அழிறப்பரைத் தேய்த்தாற்போல் துருவல் ஒட்டியிருந்தது. ஏ9 வீதியில் 70இல் மழைக்குள் கொழும்பு போக வேண்டியவன் நான். 155/65 ஆர்14 அளவில் நான்கையும் மாற்றுகிறேன்.

சுன்னாகத்தார்:
உங்கள் விருப்பம். ஊருக்குள் மட்டும் ஓடுபவருக்கு அது வீண் செலவு என்ற கருத்தில் எனக்கு மாற்றமில்லை. கழற்றியவற்றைக் கடைக்காரரிடம் விட்டுவிடாதீர்கள். எனது லான்ட்மாஸ்ரர் (இருசக்கர உழவு இயந்திரம்) இழுக்கும் பெட்டிக்கு 14 அங்குலத்தில் இரண்டு தேவை.