பொருள்: மாஷிகூலி – 'சொரிபுழை' எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பிரான்சின் ஷாத்தோ கையார் கோட்டை பற்றிய கட்டுரைக்கான தமிழ்ச் சொற்பட்டியலில் அகழி, மதில், கொத்தளம் மூன்றும் சண்டையில்லாமல் முடிந்துவிட்டன. மாஷிகூலி (machicoulis, மதிலுச்சியிலிருந்து நேர்கீழே கல்லைத் தள்ளுவதற்கான தரைத்துளை) மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிறது. நம் குழுவின் ஐயா ஒருவர் நேற்று எழுதியது:

> மதில் உச்சியில் இருக்கும் துளைதானே? 'கல்லெறி துளை' என்றால் படிப்பவருக்கு உடனே விளங்கிவிடும். இதற்கு ஏன் இத்தனை மடல்?

விளங்கும் ஐயா, ஆனால் வேறொன்றாக விளங்கும். எறிவது என்றால் கையோ கவணோ வீசி வெளியே எறிவதைத்தான் நினைப்போம். மாஷிகூலியில் வீச்சே கிடையாது. கல்லைத் தரைத்துளையருகே கொண்டுபோய் விட்டால் போதும், மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

இது எதற்காகத் தோன்றியது என்பதைப் பார்த்தால் பெயரும் எளிதாகும். மதில்மேல் நிற்கும் வில்லாளிக்குத் தொலைவில் வருபவன் தெரிவான்; மதிலின் காலடியில் ஒட்டி நிற்பவன் தெரியமாட்டான். எட்டிப் பார்த்தால் கீழேயிருந்து அம்பு வரும். அந்த மறைவில்தான் எதிரியின் சுரங்கக்காரன் கடப்பாரையோடு உட்காருகிறான். அடிக்கல்லைப் பெயர்த்து, மரமுட்டுக் கொடுத்து, முட்டுக்குத் தீ வைத்தால் மதில் தானாகச் சரியும். இதற்கு மாற்றாக, கைப்பிடிச்சுவரை மதிலுக்கு வெளியே துருத்தச் செய்து, துருத்திய பகுதியின் தரையில் இடைவெளி விட்டார்கள். மேலே நிற்பவன் தலையை நீட்டாமலே நேர்கீழே பார்க்கலாம், கல்லையும் தள்ளலாம்.

கையாரில் இது உள்ளரணில் இருக்கிறது (கோட்டையின் கடைசிக் காப்பிடமான தோன்ஷோனை அப்படித்தான் எழுதி வருகிறேன்; 'கோபுரம்' என்றால் கோவில் வந்து நிற்கும்). வட்டமான அந்த உள்ளரணின் சுவரையொட்டி ஆப்பு வடிவ முட்டுத்தூண்கள் எழுகின்றன. கீழே ஒடுங்கி, மேலே போகப் போக அகலும் தலைகீழ் ஆப்புகள். அவற்றின் தலைகளை வளைவுகள் இணைத்தன. வளைவுக்கும் சுவருக்கும் நடுவே விட்ட சந்துதான் நம் மாஷிகூலி. உச்சி இடிந்துவிட்டது, ஆப்புகள் இன்றும் நிற்கின்றன. மேற்கு ஐரோப்பாவில் கல்லில் கட்டிய மாஷிகூலிகளில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று என்பதால் இந்தக் கட்டுரையிலேயே சொல்லை நிலைநிறுத்திவிடுவது நல்லது.

கட்டியவர் இங்கிலாந்து மன்னரும் நார்மண்டிக் கோமகனுமான முதலாம் ரிச்சர்ட். செய்ன் ஆற்றின் வளைவில், ஆந்தலி ஊருக்கு மேலே, ஏறத்தாழ 90 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறை முகட்டில் 1196இல் தொடங்கி 1198இல் முடித்துவிட்டார். இரண்டே ஆண்டு, ஏறத்தாழ 12,000 பவுண்டு செலவு. நிலமோ ரூவான் பேராயருடையது. அவர் சினந்து நார்மண்டி முழுவதும் வழிபாட்டுக்குத் தடை விதித்தார். விவகாரம் போப்பாண்டவர் வரை போய்ப் பேரத்தில் முடிந்தது. கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன், வெட்ட மனம் வரவில்லை.

பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் 1203இல் முற்றுகையிட்டார். கோட்டைக்குள் தஞ்சம் புகுந்த ஊர்மக்களை, உணவு காணாது என்று காவல் தலைவர் ரோஜர் டி லேசி வெளியேற்றினார். முதலில் போனவர்களைப் பிரெஞ்சுப் படை விட்டது. பிறகு வந்தவர்களை விடவில்லை. இரண்டு தரப்புக்கும் நடுவே, குளிர்காலத்தில், பட்டினியில் பலர் மாண்டார்கள். கட்டடக்கலைக் கட்டுரையானாலும் இதை அடிக்குறிப்பில் தள்ளுவதற்கு நான் உடன்படமாட்டேன்.

நம் சொல்லுக்குத் தேவையானது அடுத்த பகுதி. வெளிக்கோட்டை சுரங்கத்தால் விழுந்தது. நடுக்கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் திறப்பு வழியாகச் சில வீரர்கள் ஏறி நுழைந்தார்கள். உட்கோட்டையின் அகழியைக் கடக்க, வெட்டாமல் விட்ட பாறைப் பாலம் ஒன்று இருந்தது. அதுவே சுரங்கக்காரருக்குக் கூரையாயிற்று. மதில் உடைந்து, 1204 மார்ச் 6 அன்று கோட்டை வீழ்ந்தது. காவலர்கள் உள்ளரணுக்குள் புகுவதற்கு முன்பே பிடிபட்டார்கள். ஆக, சுரங்கக்காரனை நசுக்கக் கட்டிய மாஷிகூலி இருந்தது ஓரிடம், சுரங்கக்காரன் வந்தது வேறிடம்.

இப்போது சொல். 'ஞாயில்' என்ற பழஞ்சொல்லையே மீட்கலாம் என்று குழுவின் அம்மா ஒருவர் சொன்னார். அழகான சொல்தான். ஆனால் ஞாயில் என்பது ஏவறை, மறைந்து நின்று அம்பு எய்யும் இடம். அது வெளிநோக்கியது, நமக்கு வேண்டியது கீழ்நோக்கியது. ஞாயிலை அம்புத்துளைப் பகுதிக்கே வைத்துக்கொள்வோம். 'சொரிவாய்' என்று முதலில் எனக்கும் தோன்றியது. மதகுவாய், கணவாய் வரிசையில் நன்றாகவே உட்காரும். வாக்கியத்துக்குள் வைத்தால் 'நீ சொரிவாய்' என்று யாரையோ ஏவுவதுபோல் ஒலிக்கிறது.

அதனால் 'சொரிபுழை'; புழை என்றால் துளை. சுடுசோறு, ஊறுகாய்போல வினைத்தொகை. கல், சுடுமணல், வெந்நீர், சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் 'சொரி' பொருந்தும். கொதிக்கும் எண்ணெய் என்று திரைப்படங்கள் காட்டுவது ஐரோப்பாவில் அரிது, விலை கட்டுப்படியாகாது. மதுரை மதிலில் மட்டும் கொதிக்கும் நெய் தயாராக இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. பாண்டியர் கருவூலம் தாங்கியிருக்கும்போல.

புழை என்றால் மலையாளத்து ஆறு நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். 'சொரி' முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன: வாயிலுக்கு மேல் தனியாகத் துருத்தும் பெட்டி போன்ற அமைப்பு 'சொரிபுழை மாடம்'. பிற்காலத்தில் பியர்ஃபோன் கோட்டையில் உள்ளதுபோல மதிலுச்சி நெடுக ஓடுவது 'தொடர் சொரிபுழை'.

மதிலுச்சியில் மரத்தால் தற்காலிகமாகக் கட்டும் வெளித்துருத்து மேடையை (பிரெஞ்சில் hourd) இதில் சேர்க்கக் கூடாது. சொரிபுழைக்கு முன்பு அதே வேலையைச் செய்தது அதுதான். தீ வைத்தால் போயிற்று. அதற்கு 'மரப்பதணம்' என்று எழுதியிருக்கிறேன். பதணம் மதிலின் உட்புற மேடை, இந்த மரமேடையோ வெளிப்புறம் நீள்வது என்ற மறுப்பு வரும் என்று தெரியும். மேலான சொல் கையில் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள், அன்று பட்டியலை மூடுகிறேன்.