இறுதியாண்டு ஆய்வு: கப்பா 0.46தான் வருகிறது, தலைப்பை மாற்றிவிடலாமா?

வெயில்மகள்:

வணக்கம். இளங்கலைத் தொடர்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். ப்ராஜெக்ட்டை ஒப்படைக்க இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது.

வெப்ப அலைச் செய்திகளை நாளிதழ்கள் எந்தச் சட்டகத்துக்குள் (frame, அதாவது எந்தக் கோணத்தில்) வைத்துச் சொல்கின்றன என்பது தலைப்பு. இரண்டு நாளிதழ்கள், இரண்டு மாதம், 164 செய்திகள். எல்லாவற்றுக்கும் எண் போட்டு எக்செல்லில் ஏற்றிவிட்டேன். இது கைடு கொடுத்த தலைப்பு இல்லை, நானே கேட்டு வாங்கியது. அப்பாவுக்குக் கட்டட வேலை. போன கோடையில் சாரத்தின் மேலேயே மயங்கிவிட்டார். பக்கத்தில் நின்றவர் இழுத்துப் பிடித்ததால் தப்பினார். மறுநாள் பேப்பரில் 'மதிய வேளையில் வெளியே வராதீர்கள்' என்று ஒரு பெட்டிச் செய்தி. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வராமல் அப்பா எப்படிச் சாரம் ஏறுவார்?

செமெட்கோ, வால்கன்பர்க் என்ற இரு ஊடக ஆய்வாளர்கள் 2000-ல் பயன்படுத்திய ஐந்து சட்டகங்களை எடுத்துக்கொண்டேன்: மோதல், மனித ஆர்வம், பொறுப்பு, பொருளாதார விளைவு, அறம். ஒரு செய்திக்கு ஒரு சட்டகம் என்று கோட்புக் (எதை எப்படி வகைப்படுத்துவது என்ற விதிக் குறிப்பு) எழுதினேன். 50 செய்திகளை நானும் வகுப்புத் தோழியும் தனித்தனியாகக் கோடிங் செய்தோம். இருவரும் எவ்வளவு ஒத்துப்போனோம் என்பதைத் தற்செயலைக் கழித்து அளக்கும் கோஹன் கப்பா 0.46 (முழுக்க ஒத்துப்போனால் 1). 'இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்' என்றார் கைடு. உட்கார்ந்தோம். பேசப் பேச அவள் எனக்காகவே மாற்றிக் கொடுக்கிறாள் என்று புரிந்தது. 12 செய்திகளோடு நிறுத்திவிட்டேன். அப்படி மாற்றிய பிறகு வரும் கப்பாவை எழுதினால் அது பொய்தானே? வேறு தலைப்புக்குப் போய்விடலாமா?

பழைய கோடர்:

தலைப்பை மாற்றாதேம்மா. பொய் என்று நீ நினைத்தது சரி. பேசி முடிவெடுப்பதில் தவறில்லை, பலரும் செய்வதுதான். ஆனால் கப்பா என்பது பேசுவதற்கு முன்னால் இருவரும் எவ்வளவு ஒத்துப்போனீர்கள் என்பதன் அளவு. பேசிய பின் அதே 50-ஐ வைத்து மறுபடி கணக்கிட்டால் அது எதையும் அளக்காது. கோட்புக்கைத் திருத்திவிட்டு, இருவரும் இன்னும் தொடாத செய்திகளில் மறுபடி சோதிக்க வேண்டும்.

அதற்கு முன் இரண்டு விஷயம் சொல். எந்தச் செய்திகளில் அதிகம் முரண்பட்டீர்கள்? உன் அப்பாவுக்கு நடந்தது அந்தத் தோழிக்குத் தெரியுமா?

வெயில்மகள்:

தெரியும் அக்கா. அன்று ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்தவளே அவள்தான்.

முரண்பட்டதில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி செய்தி. 'தண்ணீர் நிறையக் குடியுங்கள், பருத்தி ஆடை அணியுங்கள், 12 முதல் 3 வரை வெளியே போகாதீர்கள் என்று அதிகாரிகள் அறிவுறுத்தல்.' அவள் அதை 'பொறுப்பு' என்று குறித்திருக்கிறாள். செய்தி யாரையும் பொறுப்பாக்கவில்லை என்று நினைத்து, நான் வேறு வழியில்லாமல் 'மனித ஆர்வம்' போட்டேன்.

எண்கணக்கு:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கப்பாவைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன் அட்டவணையைப் பாருங்கள். ஒரு கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டே விடை என்று வையுங்கள். 50 செய்திகளில் 42-க்கு இருவரும் 'இல்லை', 3-க்கு இருவரும் 'ஆம்'. மீதி 5-ல் முரண்பாடு: மூன்றில் நீங்கள் மட்டும் 'ஆம்', இரண்டில் அவர் மட்டும். ஒத்துப்போனது 90 சதவீதம். ஆனால் இருவருமே பெரும்பாலும் 'இல்லை' போடுபவர்கள் என்பதால், தற்செயலாகவே 80.4 சதவீதம் ஒத்துப்போக வாய்ப்பு இருக்கிறது. அதைக் கழித்தால் கப்பா 0.49-க்கு இறங்கிவிடும். அரிதாக வரும் சட்டகங்களில் இது அடிக்கடி நடக்கும். ஒத்துப்போன சதவீதம், கப்பா இரண்டையும் ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக எழுதுங்கள். மொத்தமாக ஒரே எண் கொடுத்தால் எங்கே கோளாறு என்று யாருக்கும் தெரியாது.

பழைய கோடர்:

எண்கணக்கு சொன்னதை அப்படியே செய். இப்போது உன் பெட்டிச் செய்திக்கு வருகிறேன், ஏனென்றால் உன் ஆய்வே அதற்குள்தான் இருக்கிறது.

முதலில், செமெட்கோவும் வால்கன்பர்க்கும் ஒரு செய்திக்கு ஒரு சட்டகம் என்று திணிக்கவில்லை. 2,601 நாளிதழ்ச் செய்திகள், 1,522 தொலைக்காட்சிச் செய்திகள். ஒவ்வொன்றிடமும் ஆம், இல்லை என்று விடை வரும் 20 கேள்விகளைக் கேட்டார்கள். ஒரே செய்தியில் இரண்டு சட்டகம் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். 'வேறு வழியில்லாமல்' போட்டேன் என்றாயே, அந்த வழியை அடைத்தது உன் கோட்புக்தான்.

அடுத்தது இன்னும் முக்கியம். நீயும் தோழியும் முரண்பட்டது கவனக்குறைவால் இல்லை. 'பொறுப்பு' என்ற ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் வைத்திருந்தீர்கள். அரசியல் தொடர்பியல் ஆய்வாளர் ஷாந்தோ ஐயங்கார் 1991-ல் இதைப் பிரித்துக் காட்டினார்: பிரச்சினை யாரால் வந்தது என்பது ஒரு பொறுப்பு, அதைத் தீர்க்க வேண்டியவர் யார் என்பது இன்னொன்று. தண்ணீர் குடி, வெளியே போகாதே என்கிற செய்தி தீர்க்கும் பொறுப்பைத் தூக்கி யார் தலையில் வைக்கிறது? வெயிலில் நிற்பவன் தலையில். ஆக, தோழி போட்ட 'பொறுப்பு'ம் சரி. 'இவர்கள் யாரையும் கேள்வி கேட்கவில்லையே' என்று உனக்குத் தோன்றியதும் சரி.

ஐந்து சட்டகங்களையும் விட்டுவிடு. பொறுப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நான்கு கேள்வி கேள். வெப்பத்தின் பாதிப்புக்கு இன்னார் காரணம் என்று செய்தி சொல்கிறதா? தன்னைத் தானே காத்துக்கொள்ளும்படி தனிநபரிடம் சொல்கிறதா? அரசு செய்ய வேண்டியது என்று ஏதாவது சொல்கிறதா? வேலை கொடுப்பவர் செய்ய வேண்டியது என்று ஏதாவது சொல்கிறதா? ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' போடத்தக்க ஒரு வாக்கியத்தையும், 'ஆம்' போல இருந்தாலும் 'இல்லை' போட வேண்டிய ஒரு வாக்கியத்தையும் உன் செய்திகளிலிருந்தே எடுத்துக் கோட்புக்கில் எழுது.

இரண்டாவது கோடராக வேறு ஆளைப் பிடி. நல்ல தோழி என்பதால்தான் அவள் வேண்டாம். நீ என்ன கண்டுபிடிக்க ஆசைப்படுகிறாய் என்று தெரியாத ஒருவர் வேண்டும். பயிற்சிக்குப் பழைய 50-ஐக் கொடு, சோதனைக்கு மீதி 114-லிருந்து குலுக்கல் முறையில் எடு.

உரையாடல் ஆய்வு:

எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. 164-ஐ எண்ணித்தான் ஆக வேண்டுமா? 20 செய்திகளை ஆழமாக வாசித்து எழுதினாலும் அது ஆய்வுதான். பிரான், கிளார்க் என்ற ஆய்வாளர்கள் வழியிலான கருப்பொருள் பகுப்பாய்வில் (எண்ணாமல், ஆழமாக வாசித்துக் கருப்பொருள்களைக் காணும் முறை) கப்பா கேட்கவே மாட்டார்கள். வாசிப்பவரின் பார்வையும் அதில் ஒரு கருவி. அப்பாவின் கதையை ஒளிக்காமல் முறையியல் அத்தியாயத்திலேயே எழுதலாம்.

பழைய கோடர்:

நல்ல வழிதான், ஆனால் கேள்வி வேறு. 'நாளிதழ்கள் பெரும்பாலும் தனிநபர் மேல் சுமத்துகின்றன' என்று எழுத ஆசைப்பட்டால் எண்ணியே தீர வேண்டும். 'எப்படிச் சுமத்துகின்றன, எந்தச் சொற்களால்' என்றால் 20 போதும். ஆறு வாரத்தில் இரண்டையும் செய்யப் போகாதே. ஆனால் அப்பாவைப் பற்றி எழுது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். வைவாவில் யாராவது கேட்டுச் சொல்வதைவிட நீயே முதலில் சொல்லிவிடுவது நல்லது. அதனால்தான் விவரம் தெரியாத கோடரை வைத்தேன் என்று அடுத்த வரியில் எழுதிவிடு.

வெயில்மகள் (12 நாள் கழித்து):

எண்ணுவதையே தேர்ந்தெடுத்தேன். கைடிடம் கோட்புக்கின் பழைய, புதிய வடிவம் இரண்டையும் காட்டினேன், ஒத்துக்கொண்டார். வேறு துறையில் படிக்கும் ஒரு பெண் கோடிங் செய்து கொடுத்தாள். புதிய 40 செய்திகள். தனிநபர் கேள்விக்குக் கப்பா 0.83, அரசுக்கு 0.76, வேலை கொடுப்பவருக்கு 0.72. கிரிப்பன்டார்ஃப் என்ற ஆய்வாளர் தன் ஆல்ஃபாவுக்கு (கப்பா போன்ற இன்னொரு அளவு) சொன்ன எல்லையைக் கைடு இதற்கும் வைக்கச் சொன்னார்: 0.80-க்கு மேல் என்றால் நம்பலாம், 0.667 முதல் 0.80 வரை என்றால் தற்காலிக முடிவுக்கு மட்டும். அதனால் பின்னிரண்டையும் அந்த எச்சரிக்கையோடு எழுதுகிறேன். 'யார் காரணம்' என்ற கேள்வி 0.51தான் வந்தது. அதை முடிவுகளில் சேர்க்கவில்லை, ஏன் சேர்க்கவில்லை என்று ஒரு பத்தி எழுதிவிட்டேன். முதல் சுற்றின் 0.46-ஐயும் மறைக்கவில்லை.

தோழியிடம் அவளை ஏன் மாற்றினேன் என்று சொல்லத் தயக்கமாக இருந்தது. சொன்னேன். 'அந்தப் 12-ஐயும் நான் மாற்றியிருக்கக் கூடாது' என்றாள். இப்போது மேற்கோள் பட்டியலைச் சரிபார்த்துக் கொடுக்கிறாள். இன்னும் 61 செய்திகள் கோடிங் பாக்கி.