சுழல்துப்பாக்கிச் சொற்பட்டியல்: ‘ஆலை மாறுபாடு’ சரிதானா?

குழுவினருக்கு வணக்கம்.

பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களின் பேச்சுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பட்டியலில், தொழிற்சாலையே வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சமாகச் செய்து அனுப்பிய சுழல்துப்பாக்கிகளை (ரிவால்வர்களை) ‘ஆலை மாறுபாடு’ என்று குறிக்கலாம் என ஐயா எழுதியிருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஓர் ஓட்டை உண்டு.

அமெரிக்கக் கம்பெனியான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்த துப்பாக்கியின் கைப்பிடி அடியில், வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன நட்சத்திரம் பொறித்திருந்தால், அது வேலைக்காக ஆலைக்குத் திரும்பிப் போய் வந்தது என்று அர்த்தம். நீலப்பூச்சோடு விற்றது நிக்கல் பூச்சோடு திரும்பியிருக்கலாம். மாற்றியது ஆலைதான், ஆனாலும் சேகரிப்பவர் தேடுகிற அரிய வகை அது இல்லை. விலையே இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

சோதிப்பவர்கள் முதலில் உருளையின் பின்முகத்திலும் குழலின் அடியிலும் உள்ள எண்கள் கைப்பிடி எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். எண்கள் ஒத்துப்போனாலும் பூச்சு முதலில் இருந்ததுதான் என்று ஆகிவிடாது. அதற்குக் கம்பெனிப் பதிவேடுதான் கதி. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஆகிய இரண்டு கம்பெனித் துப்பாக்கிகளுக்குமே, கட்டணம் கட்டினால் பதிவேட்டைப் பார்த்து மடல் தருகிறார்கள். அதில் இருப்பது அனுப்பிய நாள், செய்து முடித்த நாள் அல்ல. எண் வரிசைப்படியும் அனுப்பவில்லை என்பதால், எண்ணை வைத்து ஆண்டை ஊகிப்பது ஆபத்து.

ஆக, ஆலை வாசலை முதல்முறை தாண்டும்போது எப்படி இருந்தது என்பதுதான் கேள்வி. அதனால் ‘புறப்பாட்டு வேறுபாடு’ என்கிறேன்.

– ராயபுரத்திலிருந்து

மறுமொழி:

தம்பி, புறப்பாடு என்றதும் எங்கள் திருவொற்றியூரில் தியாகராஜர்தான் ஞாபகத்துக்கு வருவார். பழைய புல்லட் வாங்குகிறவன்கூட ‘கம்பெனி ஃபிட்டிங்கா, வெளிய போட்டதா’ என்றுதான் கேட்கிறான். என்ஃபீல்டு ஆலை இருக்கிற ஊர், அதைக் கேட்டே வளர்ந்தோம். அந்தப் பேச்சிலிருந்து எடுக்கக் கூடாதா? இன்னொன்று: 1935-இல் வந்த ‘ரெஜிஸ்டர்டு மேக்னம்’ என்ற ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கியில் வாங்குபவரே 3½ முதல் 8¾ அங்குலம் வரை குழல் நீளத்தைச் சொல்லிச் செய்துகொள்ள முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் பதிவு எண், சான்றிதழ் வேறு. அங்கே எதை வேறுபாடு என்பாய்?

மறுமொழி:

ஐயா, ‘கம்பெனி ஃபிட்டிங்’ அருமையான சொல்தான், ஆனால் நட்சத்திரம் பொறித்த துப்பாக்கியும் அதற்குள் நுழைந்துவிடும். சாமியோ கப்பலோ, புறப்படுவது ஒரு நேரத்தில்தானே, அந்த நேரம்தான் எனக்கு வேண்டும். மேக்னம் விஷயம் சரி. அங்கே வழக்கம் என்று ஒன்று இல்லாததால் ‘புறப்பாட்டு வடிவம்’ என்று மட்டும் போடலாம்; வழக்கமான வடிவம் இருந்து அதிலிருந்து விலகினால்தான் ‘வேறுபாடு’. பதிவேட்டு மடல் ‘புறப்பாட்டுச் சான்று’. நட்சத்திரத்துக்கு இப்போதைக்கு ‘மீள்வரவுக் குறி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அது எனக்கே கொஞ்சம் முரடாகத்தான் படுகிறது, வேறு இருந்தால் அனுப்புங்கள்.