கவிழ்த்தாலும் கொட்டாத கப்: போர் தண்ணீரில் சொதப்புது, யோசனை சொல்லுங்க

பள்ளி ஆண்டுவிழா மேடைக்கு ‘காணாமப் போற தண்ணீர்’ வித்தை. ரகசியம் இங்கே பலருக்கும் தெரிஞ்சதுதான்: டயாப்பருக்குள்ள இருக்கிற, தண்ணீரை உறிஞ்சிக் கூழாக்குற சோடியம் பாலிஅக்ரிலேட் பொடி. உள்பக்கம் வெள்ளையா இருக்கிற 150 மி.லி. பேப்பர் கப், அடியில அரை டீஸ்பூன் பொடி, 50 மி.லி. தண்ணீர். 20 நொடி பேச்சு கொடுத்துட்டுக் கவிழ்த்தா ஒரு சொட்டு விழாது.

ஆர்.ஓ. தண்ணீர்ல நல்லாப் பிடிக்குது. போர் தண்ணீர்ல கூழ் தளர்ந்து, கவிழ்த்ததும் பொத்துனு விழுது. உப்புத் தண்ணீர்ல பொடி பல மடங்கு குறைவாத்தான் இழுக்கும். அதுலயும் கால்சியம்தான் பெரிய வில்லன். பொடியைக் கூட்டினா மேல்பக்கம் கட்டிதட்டி, நடுவுல காய்ஞ்சே கிடக்குது. கூட்டத்துல ஒருத்தரோட பாட்டில்ல இருக்கிற தண்ணீரையே வாங்கி ஊத்தணும், அதனால தண்ணீரை மாத்த முடியாது.

கேள்வி ரெண்டு. இந்த மாதிரி கடினத் தண்ணீர் (உப்பு, கால்சியம் கூடுதலா இருக்கிறது) 50 மி.லி.க்கு எவ்வளவு பொடி சரியா வரும், இல்ல தண்ணீரை 30 மி.லி.யாக் குறைக்கிறதே மேலா? அடுத்து, முதல்ல காலி கப்பைச் சாய்ச்சுக் காட்டணும், பொடி கொட்டுது. வாசலின் தடவி ஒட்டினா தண்ணீர் பொடிக்குள்ள இறங்கல. டயாப்பர் பஞ்சையே வட்டமா வெட்டி, டபுள் சைடு டேப்ல அடியில ஒட்டினவங்க இருக்கீங்களா? நனைஞ்ச பிறகும் டேப் தாங்குதா?

கண்ணாடி டம்ளர் மட்டும் சொல்லாதீங்க, குட்டு உடைஞ்சிடும்.