100 லிட்டர் தொட்டியில் கோமாளி மீனுக்கு அனிமோன் தேவையா?

புதுஉப்பு: 100 லிட்டர் உப்புத் தண்ணீர் தொட்டி, ஓட ஆரம்பித்து 3 மாதம். பண்ணையில் பொரித்த ஆசெல்லாரிஸ் (கோமாளி மீனில் ஒரு இனம்) ஜோடி இருக்கிறது. அனிமோன் (கோமாளி மீன் குடியிருக்கும், பூப்போன்ற கடல் உயிரி) இல்லாவிட்டால் கிளவுன், அதாவது கோமாளி மீன், ஏங்கிப்போகும் என்கிறார் கடைக்காரர். அனிமோனில் கார்பெட் வகை வாங்குவதா, பபிள் டிப் வகையா?

கல்லும்பாசியும்: இரண்டும் வேண்டாம். பண்ணை மீன் அனிமோனையே பார்க்காமல் வளர்ந்தது. வெறும் மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தாலும் அதன்மேல் முட்டையிடும். கடலில் அனிமோன் தேவைப்படுவது பெரிய மீன் துரத்துவதால்; உங்கள் தொட்டியில் துரத்த யார் இருக்கிறார்கள்? இன்னொன்று, ஆசெல்லாரிஸ் கடலில் குடியிருப்பது மேக்னிஃபிகா, ஜைஜான்டியா, மெர்டென்சி என்ற மூன்று அனிமோன் இனங்களில்தான். பபிள் டிப் அதன் வீடே இல்லை.

அலைவாய்: வீடு இல்லைதான், ஆனால் தொட்டியில் குடிபுகுந்த ஆசெல்லாரிஸ் எத்தனையோ உண்டு. சிலது ஒரே நாளில் போகும், சிலது மாதக்கணக்கில் திரும்பியும் பார்க்காது. உத்தரவாதம் தர முடியாது என்பதற்காக வைக்கவே கூடாது என்பது அதிகப்படி. கார்பெட் வேண்டாம் என்பதில் மட்டும் உங்களோடு நிற்கிறேன். ஹேடோனி என்ற கார்பெட் இனம் மணலில் அடி புதைத்து இரண்டடி அகலம் வரை விரியும், தூங்குகிற மீனைப் பிடித்துத் தின்றுவிடும்.

கல்லும்பாசியும்: சரி, பபிள் டிப்பே என்று வைத்துக்கொள்வோம். சென்னை மே மாதத்தில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத தொட்டி 31, 32 டிகிரிக்குப் போகும். ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் தண்ணீர் ஆவியாகும். 100 லிட்டரில் 3 லிட்டர் குறைந்தால் உப்பு ஆயிரத்துக்கு 35-லிருந்து 36-க்கு ஏறிவிடும். ஆர்ஓ தண்ணீரை வாரம் ஒருமுறை மொத்தமாக ஊற்றுகிறவர் தொட்டியில் இந்த ஏற்ற இறக்கத்திலேயே அனிமோன் சுருங்கும்.

அலைவாய்: அதற்குத்தான் ஆட்டோ டாப்-ஆஃப் (ஆவியாகிற தண்ணீரைத் தானே நிரப்பும் கருவி). உப்பு (ஒப்படர்த்திக் கணக்கில்) 1.025, வெப்பம் 25–27 டிகிரி, கேஎச் (காரத்தன்மை) 8–9, நைட்ரேட் 5–10. இவை ஒரு மாதம் அசையாமல் நின்றால் வாங்கலாம். 3 மாதத் தொட்டி அவசரம், எட்டு மாதமாவது போகட்டும். கடலில் பிடித்ததை விட்டுவிட்டு, இன்னொருவர் தொட்டியில் பிளந்து பெருகிய துண்டாகப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று இருந்தால் அது அழகல்ல, உள்ளே இருக்கும் பாசி போய்விட்டது என்று அர்த்தம்.

வைக்கும்போது பம்ப்பை ஓரிரு மணி நேரம் நிறுத்தி, பாறை இடுக்கில் அனிமோனின் அடியைக் காட்டிவிடுங்கள். லைட்டை 30 சதவீதத்தில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் ஏற்றலாம். பவர்ஹெட் (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்ப்) வாயில் முதல் நாளே ஸ்பாஞ்ச் உறை போட்டே ஆக வேண்டும். புது அனிமோன் இரவிலும் நடக்கும், காலையில் பார்த்தால் பம்ப் இறக்கையில் அரைபட்டுக் கிடக்கும்.

புதுஉப்பு: சாகிறதா, சும்மா சுருங்கியிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கல்லும்பாசியும்: சில மணி நேரம் சுருங்கி, பழுப்பாக நூல்மாதிரி கழிவைத் துப்பிவிட்டு மறுபடி விரிந்தால் கவலையில்லை. வாய் நாள் முழுக்கப் பிளந்தே கிடந்தாலோ, அடி பாறையை விட்டுக் கழன்று உருண்டாலோ தனி வாளிக்கு மாற்றுங்கள். தொட்டால் சளியாகக் கரைகிறது, அழுகிய நாற்றம் என்றால் முடிந்தது, தூக்கி எறியுங்கள். சின்னத் தொட்டியில் அழுகவிட்டால் ஒரே இரவில் அம்மோனியா ஏறி மீனும் போகும். கையில் தண்ணீரைச் சுத்தமாக்கும் கரியும், 30 லிட்டர் கலந்த உப்புத் தண்ணீரும் இல்லாதவர் அனிமோன் பக்கமே போகக்கூடாது.

அலைவாய்: ஒப்புக்கொள்கிறேன். தீனியிலும் ஏமாறாதீர்கள், வாரம் ஒருமுறை அதன் வாய் அளவுக்குச் சிறிய இறால் துண்டு போதும். பெரிதாகக் கொடுத்தால் இரண்டு நாள் கழித்து அழுகலாகத் துப்பும். அனிமோன் வாயிலிருந்து கிளவுன் பிடுங்கும், அதனால் மீனுக்கு முதலில் போட்டு வயிற்றை நிரப்பிவிடுங்கள்.

கல்லும்பாசியும்: இத்தனையும் செய்து, ஜோடி கடைசியில் ஹீட்டர் மூலையிலேயே படுத்துக்கொண்டால்?

அலைவாய்: படுக்கட்டுமே. அனிமோன் தனியாகவும் நன்றாகத்தான் வளரும்.